குடத்துக்குள் பாட்டு: விலை உயர்ந்த மூடிய ஹெட்போனை வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி?

காலிக் குடத்துக்குள் முகத்தை வைத்துப் பேசிப் பாருங்கள். உங்கள் குரலே வேறு யாரோ பேசுவது போல இருக்கும். சில எழுத்துகள் வீங்கும், சில அமுங்கிப் போகும். மூடிய ஹெட்போன், அதாவது குளோஸ்டு-பேக், அப்படிப்பட்ட இரண்டு சின்னக் குடங்களைக் காதில் கவிழ்த்துக்கொள்வதுதான். ஒலியை எழுப்பும் பாகமான டிரைவர், காதுப் பக்கம் அனுப்பும் ஒலியைப் போலவே பின்பக்கமும் அனுப்புகிறது. முதுகு திறந்த ஓபன்-பேக் வகையில் அது வெளியே போய்விடும். மூடியதில் போக வழியில்லாமல், காதை மூடும் கிண்ணமான கப்பின் சுவரில் மோதித் திரும்பி வரும்.

திரும்பி வரும் அந்த ஒலியை அடக்குவதற்குத்தான் உயர்விலை மூடிய ஹெட்போன்களில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். 2018-இல் வந்த சென்ஹைசர் எச்டி 820-இல் கப்பின் முதுகே குழிந்த கண்ணாடி. பின்பக்க ஒலியை உறிஞ்சும் அறைகளை நோக்கி அது திருப்பி விடுகிறது. 2021-இல் வந்த டான் கிளார்க் ஆடியோ ஸ்டெல்த்தில் டிரைவருக்கும் காதுக்கும் நடுவே நுண்குழாய்கள் கொண்ட ஒரு தட்டை வைத்திருக்கிறார்கள். டெனான் டி9200-இல் கப் மூங்கிலால் ஆனது. டிரைவர் பெரிலியமா, மக்னீசியமா என்று பெட்டி மேல் எழுதியிருப்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் குடம்.

தேவையானவை: நீங்கள் இதுவரை கேட்டுப் பழகிய ஒரு ஹெட்போன் (ஓபன்-பேக்காக இருந்தால் நல்லது), போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலி (கேட்கும் ஹெர்ட்ஸில் ஒற்றைச் சுரம் எழுப்புவது), ஒலி அளவு காட்டும் செயலி ஒன்று, பழைய சிடி ஒன்று, ஒரு நோட்டு, ஒரு பேனா.

படி 1: பாட்டுகளைப் பொறுக்குங்கள்

எட்டு போதும். எட்டும் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்தவையாக இருக்க வேண்டும். ஹெட்போன் கண்காட்சிகளில் ஒலிக்கும் பளபளப்பான பதிவுகள் வேண்டாம். அவை எதில் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு ஆண் குரல், ஒரு பெண் குரல், தனி பியானோ, பேஸ் கிட்டார் முன்னால் நிற்கும் ஒன்று, தோல் வாத்தியம் ஒன்று, கூட்டமாக எல்லாரும் வாசிக்கும் ஒன்று. மீதி இரண்டில் ஒன்றாவது சுமாராகப் பதிவான பழைய பாட்டாக இருக்கட்டும். நாம் தினமும் கேட்பது அதுபோன்றவற்றைத்தானே.

படி 2: தலையில் சரியாக உட்காருகிறதா?

புதிதாக வருபவர்கள் தாண்டிப் போகும் படி இது. அவசரப்படாதீர்கள். மூடிய ஹெட்போனில் பேட், அதாவது கப்பின் விளிம்பு மெத்தை, தோலோடு ஒட்டி நிற்காவிட்டால் பாஸ் (தாழ்ந்த ஒலி) அந்த இடுக்கு வழியே கசிந்துவிடும். "இந்த மாடலில் பாஸே இல்லை" என்று ஒருவரும், "பாஸ் மிரட்டுகிறது" என்று இன்னொருவரும் ஒரே ஹெட்போனைப் பற்றி எழுதினால், இரண்டு பேரும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒருவர் மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார்.

டோன் ஜெனரேட்டரில் 40 ஹெர்ட்ஸ் வையுங்கள். பேஸ் கிட்டாரின் கனத்த கம்பி கிட்டத்தட்ட அங்கேதான் ஒலிக்கிறது. வால்யூம் மிதமாக இருக்கட்டும். இப்போது இரண்டு கப்புகளையும் உள்ளங்கையால் மெதுவாகத் தலையோடு அழுத்துங்கள். ஒலி பெரிதாகிறதா? அப்படியென்றால் கையை எடுத்தபோது கசிவு இருந்திருக்கிறது. ஹெட்பேண்டை ஒரு படி ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குங்கள். கண்ணாடி போடுபவர் போட்டும் கழற்றியும் பாருங்கள். கசிவு பெரும்பாலும் காது மடலுக்குக் கீழே, தாடை தொடங்கும் பள்ளத்தில்தான் இருக்கும். அந்த இடத்தில் மட்டும் விரலால் பேடைத் தள்ளிப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

எவ்வளவு சரிசெய்தும், அழுத்தும்போதெல்லாம் பாஸ் தாவுகிறது என்றால் அந்த ஹெட்போன் உங்கள் தலைக்கானது இல்லை. மேற்கொண்டு எந்தப் படியும் தேவையில்லை, திருப்பிக் கொடுத்துவிடலாம். எவ்வளவு புகழ்பெற்ற மாடலாக இருந்தாலும் சரி.

எடையையும் இப்போதே பார்த்துவிடுங்கள். எச்டி 820 சுமார் 360 கிராம். ஆடிஸி எல்சிடி-எக்ஸ்சி 600 கிராமைத் தாண்டும். கையில் தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்து உச்சந்தலை சொல்லும்.

படி 3: கோளாறு இருக்கிறதா?

30 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக மேலே ஏற்றுங்கள். 'ர்ர்ர்' என்று அதிர்வோ, தாள் உரசுவது போன்ற சத்தமோ வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மோனோ ஒலியாக, அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும்படி, ஒரு குரலைப் போடுங்கள். அது நெற்றிக்கு நடுவே நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே ஹெட்போனைக் குறை சொல்லாதீர்கள். இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் குற்றம் ஹெட்போனில், கேபிளில் அல்லது பாட்டை அனுப்பும் கருவியில். மாறாமல் அதே பக்கம் நின்றால் நம் காதில்.

ஒருமுறை எனக்கு இடது கப்பில் தாழ்ந்த சுரங்களில் மட்டும் ஈ ரீங்காரமிடுவது போல ஒரு சத்தம். டிரைவர் போய்விட்டது என்று முடிவு கட்டி, திருப்பி அனுப்பப் பெட்டியெல்லாம் ஒட்டிவிட்டேன். கடைசி நேரத்தில் ஏதோ தோன்றிப் பேடைக் கழற்றிப் பார்த்தால், டிரைவரை மூடிய மெல்லிய துணி வழியே ஒரு தலைமுடி உள்ளே நுழைந்து சவ்வைத் தொட்டுக்கொண்டிருந்தது. என் முடிதான். இடுக்கியால் எடுத்ததும் ஈ பறந்துவிட்டது.

படி 4: ஓட்டுவதற்குச் சக்தி இருக்கிறதா?

இதில் சுருக்கமாக ஒரு கணக்கு மட்டும். சென்சிடிவிட்டி என்று பெட்டியில் போட்டிருப்பது, பெரும்பாலும் ஒரு மில்லிவாட் சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது. 10 டெசிபல் கூடுதலாக வேண்டுமென்றால் சக்தி பத்து மடங்கு வேண்டும். ஃபோக்கல் ஸ்டெல்லியா என்ற மூடிய ஹெட்போன் சுமார் 106 டெசிபல். போன் கூட ஓட்டிவிடும். முன்னே சொன்ன ஸ்டெல்த் அதைவிட ஏறக்குறைய 20 டெசிபல் குறைவு. அதே சத்தத்துக்கு அது கேட்பது கிட்டத்தட்ட நூறு மடங்கு சக்தி. நல்ல ஆம்ப் (ஒலிக்குச் சக்தி கூட்டும் ஆம்ப்ளிஃபயர்) இல்லாமல் அதைச் சோதித்துவிட்டு "உயிரே இல்லை" என்று எழுதக் கூடாது. வெளியீட்டு மின்தடை ஹெட்போனின் ஓம் அளவில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கும் ஆம்ப் போதும். மற்றபடி ஆம்பைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம் என்பது என் கட்சி.

படி 5: இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவாருங்கள்

சத்தம் கூடினால் நம் காதுக்குப் பாஸ் தடிமனாகக் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து வரைந்துவிட்டார்கள். ஆகவே ஒரு டெசிபல் சத்தமாக ஒலிக்கும் ஹெட்போன் நமக்குச் 'சத்தமாக' அல்ல, 'நன்றாக' இருப்பதாகத் தோன்றும். ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் விழும் குழி இது.

பழைய சிடி இங்கேதான் வருகிறது. நடுவில் 15 மில்லிமீட்டர் துளை இருக்கிறதல்லவா? பேடை சிடி மேல் தட்டையாக வைத்து, துளைக்கு அடியில் போனின் மைக் வரும்படி பிடியுங்கள். பேட் சிடியைவிடப் பெரிதென்றால் கெட்டி அட்டையில் துளை போட்டுக்கொள்ளலாம். பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவரிசைகளும் கலந்த, அருவி போன்ற இரைச்சல்) ஓட விட்டு, செயலி காட்டும் எண் இரண்டு ஹெட்போனுக்கும் ஒன்றாகும்வரை வால்யூமைத் திருப்புங்கள். அந்த எண் துல்லியமானதா என்பது முக்கியமில்லை, இரண்டுக்கும் ஒன்றாக இருந்தால் சரி. வால்யூம் நின்ற இடங்களை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பதைப் பாதுகாப்பு எல்லையாகச் சொல்கிறது. வெளிச்சத்தம் உள்ளே வராத மூடிய ஹெட்போனில் அதற்கும் கீழேயே சுகமாகக் கேட்கலாம்.

படி 6: குடம் பேசுகிறதா?

இப்போது அசல் விஷயம். நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் இதை மட்டும் இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாட்டு வேண்டாம், பேச்சு. இசையே இல்லாமல் ஒருவர் படிக்கும் ஒலிப்புத்தகம் போடுங்கள், ஆண் குரலாக இருந்தால் நல்லது. பழைய ஹெட்போனில் ஒரு நிமிடம், புதியதில் அதே நிமிடம். அவர் மார்பு பெருத்துவிட்டதா? 'ம்', 'ன்' போன்ற மூக்கொலிகள் முடிந்த பிறகும் ஒரு சின்ன 'உம்' வால் தொங்குகிறதா? மூக்கடைத்தவர் பேசுவது போல இருக்கிறதா? குடத்துக்குள் நாம் பேசியபோது கேட்டது இதே வால்தான். உயர்விலைப் பொருளில் இது சிறிதளவு இருந்தாலும் நான் மன்னிப்பதில்லை. குரல் சரியில்லாத ஹெட்போனில் மற்ற எது சரியாக இருந்து என்ன பயன்?

அடுத்து, பியானோவின் நடுப்பகுதியில் கட்டை கட்டையாக ஏறிப் போகும் வாசிப்பு. எல்லாக் கட்டைகளும் ஒரே கைகனத்தில் விழ வேண்டும். ஏதாவது ஒன்று மட்டும் கையைத் தூக்கி "நான் இங்கே" என்று எழுந்து நின்றால், அந்த இடத்தில் கப் தன் குரலைச் சேர்க்கிறது என்று பொருள். சந்தேகமாக இருந்தால் அதே பகுதியைப் பழைய ஹெட்போனில் கேளுங்கள்; அங்கேயும் எழுந்து நின்றால் அது வாசித்தவர் கை.

பிறகு டோன் ஜெனரேட்டரில் 2,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகர்த்துங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. கப்பின் ஆழம் 4 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், சுமார் 4,300 ஹெர்ட்ஸில் அரை அலைநீளம் அதற்குள் கச்சிதமாகப் பொருந்தும். ஒலி அங்கே சுவருக்கும் சுவருக்குமாக மோதிக்கொண்டு நின்றுவிடும். நல்ல ஹெட்போனில் பஞ்சு, துளை, வளைவு என்று எதையாவது வைத்து அதைக் கலைத்திருப்பார்கள். கலைக்காததில் ஓரிடத்தில் ஒலி குத்தும், கொஞ்சம் தள்ளிப் பள்ளத்தில் விழும். காதுக்குழாயே 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் என்பதால், மெல்ல ஏறி இறங்கும் மேடு ஒன்று எல்லா ஹெட்போனிலும் கேட்கும். அது வேறு. கூர்மையாக ஊசி போலத் தாவுவதுதான் நாம் தேடுவது.

கடைசியாக, அடங்குவதைக் கேளுங்கள். மிருதங்கத்தின் இடந்தலையில் 'கும்' என்று ஒன்று விழுந்து, வளைந்து, மெலிந்து, காணாமல் போகும். அதன் கடைசித் துளி வரை பின்தொடர முடிகிறதா, அல்லது நடுவிலேயே பொதுவான ஒரு இரைச்சலில் கரைந்துவிடுகிறதா? இங்கேதான் பல மூடிய ஹெட்போன்கள் தோற்கின்றன. இதில் ஜெயித்தவற்றை நான் கையிலிருந்து விட மனமில்லாமல் விட்டிருக்கிறேன்.

படி 7: பாஸ், ட்ரெபிள், வெளி

பாஸின் அளவு ரசனை. அதன் தெளிவு ரசனை இல்லை. பேஸ் கிட்டாரின் சுரங்களை உங்களால் வாயால் முணுமுணுக்க முடிந்தால் தெளிவு இருக்கிறது. வெறும் 'தம் தம்' மட்டும் வந்தால் இல்லை. ட்ரெபிளுக்கு, அதாவது உயர்ந்த ஒலிகளுக்கு, பெண் குரலில் 'ஸ', 'ஷ' எழுத்துகள். பல்லைக் கூசவைத்தால் அரை மணியில் களைத்துப்போவீர்கள்.

இசை தலைக்கு வெளியே விரிகிறதா என்பதில் ஓபன்-பேக்கோடு போட்டி வேண்டாம், மூடியது பெரும்பாலும் தோற்கும். கருவிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அவையவை இடத்தில் நிற்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். வெளிச்சத்தம் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதையும் சும்மா நம்பிவிடாதீர்கள். மூடியது என்ற பெயரில் காற்றுத்துளை வைத்த மாடல்களும் உண்டு. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, என்ன பாட்டு ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். சரியாகச் சொல்லிவிட்டால் தெரிந்துவிடும்.

படி 8: இப்போது வரைபடம்

எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் அளவீட்டு வரைபடங்களை, நோட்டில் எழுதி முடிக்கும்வரை பார்க்காதீர்கள். பார்த்துவிட்டால் கண் சொல்வதைத்தான் காது கேட்கும். பிறகு பார்க்கலாம். ஹார்மன் நிறுவனத்தின் ஒலி ஆய்வாளர் சீன் ஆலிவும் அவருடைய குழுவினரும் 2013 முதல் வெளியிட்டு வந்த ஆய்வுகளிலிருந்து வந்தது ஹார்மன் வளைவு, கேட்பவர்களில் பெரும்பாலோருக்குப் பிடித்த ஒலியின் கோடு. அளப்பவர்கள் அதை அருகில் வைத்து ஒப்பிடுவார்கள்: பாஸில் கொஞ்சம் ஏற்றம், 3,000 அருகே மேடு, அப்புறம் சரிவு. அதோடு பொருந்தவில்லை என்பதால் ஹெட்போன் கெட்டதாகிவிடாது. நீங்கள் எழுதிய குறைக்கு அதில் இடம் தெரிகிறதா என்று தேடுங்கள். 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வரும் கோடுகள் அளந்த கருவிக்குக் கருவி மாறும். அவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

படி 9: ஒரு வாரம், பிறகு பழையது

திருப்பித் தரும் கெடு எத்தனை நாள் என்று முதலிலேயே விசாரித்துக்கொண்டு, ஒரு வாரம் புதியதை மட்டும் போடுங்கள். 'ஓட ஓட டிரைவர் இளகும்' என்பார்கள். பேட் அமுங்கி ஒலி கொஞ்சம் மாறும் என்பது உண்மை. மீதியில் பெரும்பங்கு, நம் காது பழகிப்போவதுதான் என்று நினைக்கிறேன். உயர்விலை ஹெட்போன்கள் கொஞ்சம் ஆபத்தானவை இங்கே: எந்தக் குறையையும் ஒரு வாரத்தில் 'அதன் குணம்' என்று ஏற்றுக்கொண்டுவிடுவோம்.

எட்டாம் நாள் காலையில் பழைய ஹெட்போனை மாட்டி, சமன்செய்த வால்யூமில், அந்த ஒலிப்புத்தகக் குரலைப் போடுங்கள். முதல் பத்து வினாடியில் மனதில் பட்டதை அப்படியே எழுதுங்கள். என் நோட்டில் இரண்டு மாதிரி வரிகள் இருக்கின்றன. ஒன்று: "ஐயோ, இது ஏன் இவ்வளவு மங்கல்?" இன்னொன்று: "அப்பாடா, மனுஷன் பேசுகிறான்." இரண்டாவது வரியை எழுதிய அன்றே பெட்டியை ஒட்டி அனுப்பிவிட்டேன். அந்த முறை உள்ளே முடியெல்லாம் எதுவும் இல்லை.