பழைய பொப் பாட்டுக் கசெட்டுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீடு காலியாகும்போது, அலுமாரிக்கு மேலிருந்து பிஸ்கட் தகரம் ஒன்று இறங்கும். உள்ளே பழைய கசெட்டுகள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வானொலியிலிருந்து பிடித்தவை: இலங்கைத் தமிழ்ப் பொப் பாடகர்கள் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன், நடுவில் சிங்களப் பாடகர் கிளாரன்ஸ் விஜேவர்தன, திடீரென்று ஒரு போனி எம் ஆங்கிலப் பாட்டு. பேரப்பிள்ளைகள் இவற்றைக் கணினியில் ஏற்றிப் பகிர்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் புதிதாக இறங்குகிற ஒவ்வொருவரும் முன்னால் போனவர்கள் விழுந்த அதே குழியில்தான் விழுகிறார்கள்.

கசெட்டின் மேல்விளிம்பிலுள்ள பிளாஸ்டிக் காதை உடைக்காமல் போட்டு, பதிவுப் பொத்தானை அமுக்கிப் பாட்டை அழிப்பது போன்ற கூத்துகளை இங்கே சொல்லப்போவதில்லை. அது ஒரு தடவை நடந்தால் ஆயுசுக்கும் மறக்காது.

அறிவிப்பாளரை வெட்டி எறிவது

இதைத்தான் பொறுக்கவே முடிவதில்லை.

கசெட்டில் பாட்டு முடிகிறது. கடைசி வரி ஓயும் முன்பே அறிவிப்பாளரின் குரல் ஏறுகிறது. பாடியவர் பெயர், சில வேளை எழுதியவர் பெயர், கேட்ட நேயர்களின் பட்டியல், ஒரு பிறந்தநாள் வாழ்த்து, சவர்க்கார விளம்பரம், நேரம், பிறகு அடுத்த பாட்டின் முன்னிசைக்கு மேலேயே அறிமுகம். கணினியில் ஏற்றுகிறவருக்கு இதெல்லாம் தொல்லை. பாட்டு மட்டும் "சுத்தமாக" வேண்டும் என்று வெட்டுகிறார், ஒவ்வொரு பாட்டையும் தனித்தனி எம்பி3 ஆக்குகிறார், கசெட்டைக் குப்பை வண்டிக்குப் போடுகிறார்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பாட்டு இசைத்தட்டாக வந்தது, பிறகு சீடியாக வந்தது, இப்போது இணையத்தில் ஐந்தாறு இடங்களில் அதைவிட நல்ல ஒலியில் கிடக்கிறது. நேயர் விருப்பப் பாட்டு நிகழ்ச்சியான "நீங்கள் கேட்டவை"யின் ஒரு மாலை நேரத்து அறிவிப்பை யாரும் இசைத்தட்டாகப் போடவில்லை. அது அந்தக் கசெட்டில் மட்டுந்தான் இருந்தது. எங்கும் கிடைக்கிறதை வைத்துக்கொண்டு, எங்கும் கிடைக்காததை எறிந்தாயிற்று. பிறகு அதே ஆள் வந்து "இந்தப் பாட்டை எழுதியது யார், எந்த வருடம், யாருக்காவது தெரியுமா?" என்று கேட்பார். பதில் அவர் வெட்டிய பத்து வினாடியில் இருந்திருக்கும்.

பெயர் மட்டுமல்ல, காலமும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. விளம்பரத்தில் ஒரு விலை வரும். தீபாவளி, நத்தார், பெருநாள் வாழ்த்து வரும். செய்திக்கு முந்திய நேர அறிவிப்பு வரும். பாட்டுகளின் வரிசையும் சாட்சிதான். ஒரே தொடர்ச்சியில் எட்டுப் பழைய பாட்டும் 1977இல் வந்த படப்பாட்டு ஒன்றும் இருந்தால், அந்தத் தொடர்ச்சி 1977க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. தனித்தனியாக நறுக்கிப் பெயர் எழுத்து வரிசையில் அடுக்கியபின் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதிலும் ஒரு கண்ணி உண்டு. வீட்டுக் கசெட்டில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிந்திருப்பார்கள். நடுவில் "டக்" என்று ஒரு சத்தம், உடனே ஒலியளவு மாறினால், அங்கே பதிவு நிறுத்தித் தொடங்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் வேறு வேறு வருடங்களாக இருக்கலாம். ஆகவே காலத்தை ஒரு டக்கிலிருந்து அடுத்த டக் வரைக்கும்தான் கணக்கிட வேண்டும், முழுப் பக்கத்துக்கும் அல்ல. பாட்டுக்கு வெளியே இருக்கிற எல்லாவற்றையும் வெட்டினால் இந்த டக்கும் போய்விடும்.

செய்ய வேண்டியது கடினமில்லை. ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் ஒரே கோப்பாகப் பதியுங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ, வேவ் வடிவம். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 17 மெகாபைட் போகும்; சி-60 கசெட்டின் ஒரு பக்கம், அதாவது 30 நிமிடம், 520 மெகாபைட்டுக்குள் அடங்கும். கைப்பேசியில் கிடக்கும் கல்யாண வீடியோ இதைவிடப் பெரிது. மத்திய அலை வானொலி மோனோதானே, அதாவது ஒற்றைச் சானல்தானே, ஸ்டீரியோ எதற்கு என்று கேட்பார்கள். நாடாவின் ஒரு விளிம்பு தேய்ந்திருந்தால் மற்றச் சானலை எடுத்துக்கொள்ளலாம், அதற்குத்தான்.

அந்த மூலக் கோப்பைத் தொடவே கூடாது. பகிர்வதற்குப் பாட்டு மட்டும் வேண்டுமென்றால் பிரதி எடுத்து வெட்டுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் லேபிள் தடம் ஒன்று திறந்து, எந்த நிமிடத்தில் எந்தப் பாட்டு, எங்கே அறிவிப்பு, எங்கே டக் என்று குறித்து வையுங்கள். கசெட் மட்டையில் பேனாவால் எழுதியதை இரு பக்கமும் படம் எடுத்து அதே கோப்புறையில் போடுங்கள். கசெட்டை எறிய வேண்டாம்.

வேகத்தைக் காதால் சரிசெய்வது

பழைய டெக்கில், அதாவது கசெட் ஓட்டும் இயந்திரத்தில், பெல்ட் இழுபட்டு வழுக்கினால் பாட்டு மெதுவாகும். பதிந்த இயந்திரம் மெதுவாக ஓடியிருந்தால் இப்போது வேகமாகக் கேட்கும். 6 சதவீதம் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய அரைச்சுரம் மாறிவிடும். "அவர் குரல் அந்தக் காலத்தில் மெல்லிசாக இருந்தது" என்று பெரிய கண்டுபிடிப்பு போல ஒருவர் எழுதுவார். மெல்லிசானது குரல் அல்ல, டெக்கின் வேகம் பிசகியிருக்கிறது.

காதை நம்பாமல் மின்சார இரைச்சலை நம்புங்கள். இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பிளக்கில் போட்ட வானொலியில் பதிந்திருந்தால் அந்த மெல்லிய "ம்ம்" நாடாவிலும் விழுந்திருக்க வாய்ப்புண்டு. பாட்டு இல்லாத மௌனமான இடம் ஒன்றைத் தெரிவு செய்து, ஆடாசிட்டியில் அலைமாலை வரைபடத்தை (Plot Spectrum) 65536 அளவில் போடுங்கள்; 50 ஹேர்ட்ஸ் பக்கம் ஒரு முள் எழும்பும். 48 கிலோஹேர்ட்ஸில் இதற்கு ஒன்றரை வினாடி மௌனமாவது தேவை. அது எங்கே கிடைக்கும்? அறிவிப்பாளர் மூச்சு விடுகிற இடத்தில்தான். முள் 52இல் நின்றால் நாடா 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது, வேகத்தை 3.85 சதவீதம் குறைத்தால் சரி. சரியாக 50இல் நின்றால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். அது உங்கள் டெக்கின் சொந்த இரைச்சலாகவும் இருக்கலாம். கசெட் இல்லாமல் டெக்கை ஓடவிட்டுப் பதிந்து ஒப்பிடுங்கள். பற்றரி வானொலியில் பிடித்த கசெட்டுக்கு இந்த வித்தை பலிக்காது.

பெல்ட் மாற்ற வேண்டுமென்றால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் பழையதைக் கையில் கொண்டுபோய் அளவு ஒப்பிட்டு வாங்குங்கள். கண் மதிப்பில் வாங்கினால் மறுபடி ஒரு பஸ் செலவு.

மந்தமான ஒலிக்கு ஈக்வலைசர்

திருகினால் இரைச்சல்தான் ஏறும்.

பெரும்பாலும் குற்றம் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் கோணத்தில் இருக்கும். பதிந்த இயந்திரத்தின் ஹெட்டும் உங்கள் ஹெட்டும் ஒரே சாய்வில் இல்லாவிட்டால் உயர்ந்த சுரங்கள் அப்படியே அமுங்கிப் போகும். ஹெட்டின் ஒரு பக்கத்தில் சுருள்வில்லோடு ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். தொடங்கிய நிலையை மார்க்கரால் குறித்துவிட்டு, இரு சானலையும் மோனோவாக்கிக் கேட்டபடி மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். "ச", "ஸ" ஒலிகள் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். இதைப் பதியும் முன்பே செய்ய வேண்டும், பதிந்த பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகத் திருத்த முடியாது.

வெள்ளைப் பூஞ்சணம் பிடித்த நாடா

ஓட்டாதீர்கள். அதே டெக்கில் அடுத்துப் போடும் கசெட்டுக்கும் தொற்றும். கடற்காற்று வீசும் வீடுகளில் இன்னும் கெதியாக.

78 சுற்று இசைத்தட்டை ஸ்பிரிட்டால் துடைப்பது

அந்தத் தட்டு அரக்கால் ஆனது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும்.

லேபிளில் "சிலோன்" என்று இருந்தால் 1972க்கு முந்தியது

அவசரத் தீர்ப்பு. நாட்டின் பெயர் 1972 மே 22இல் மாறியது உண்மை. அச்சடித்து மிஞ்சிய லேபிள்களை எவரும் அன்றிரவே கொளுத்திவிடவில்லை. வானொலி நினைவுகளிலும் இதே குழப்பம். ரேடியோ சிலோன் 1967லேயே கூட்டுத்தாபனமாகிவிட்டது, ஆனால் சனங்கள் எண்பதுகளிலும் "ரேடியோ சிலோன்" என்றுதான் கதைத்தார்கள். ஆகவே ஒருவர் "ரேடியோ சிலோனில் கேட்டேன்" என்று சொன்னால் அதை வைத்து ஆண்டு குறிக்காதீர்கள். 1925இல் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பையும் 1950இல் தொடங்கிய வர்த்தக சேவையையும் ஒன்றாகப் போட்டுப் பிசைவது இன்னொரு வியாதி.

ஒரே பாட்டு, ஒரே பதிவு என்று நினைப்பது

"சுராங்கனி"யைப் பகிரும்போது இது வழக்கமாக நடக்கும். 1977இல் "அவர் எனக்கே சொந்தம்" படத்துக்காக இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் பாடியது ஒன்று. மனோகரன் மேடையிலும் பதிவிலும் பாடியது வேறு. ஒன்றின் ஒலிக்கு மற்றதன் படத்தை ஒட்டிவிடுகிறார்கள், கீழே நாற்பது பேர் சண்டை பிடிக்கிறார்கள். பாட்டின் பெயரை மட்டும் எழுதாமல், பாடியவர், எந்தக் கசெட், எந்தப் பக்கம், எத்தனையாவது நிமிடம் என்று சேர்த்து எழுதுங்கள். படப்பாட்டைப் பதிந்த ஆண்டு தெரியாவிட்டால் "1977 அல்லது அதற்குப் பின்" என்று எழுதினால் போதும். ஊகித்து "1978" என்று எழுதினால் அதை அடுத்தவர் பிரதி பண்ணுவார், மூன்றாவது ஆள் அதையே ஆதாரமாகக் காட்டுவார்.