சவரக்கத்தித் தோலில் பேஸ்ட் பூசுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சவரக்கத்தி தீட்டும் தோல் பட்டையில், இரும்பை அரிக்கும் நுண்துகள் கலந்த தீட்டும் பேஸ்டைப் பூசிவிட்டால், அதற்குப் பிறகு அது மிக நுண்ணிய ஒரு சாணைக்கல். வெறும் தோல் கத்தியின் வாயை, அதாவது வெட்டும் ஓரத்தை, துடைத்து நேராக்கும். இரும்பை அநேகமாக அரிக்காது. பேஸ்ட் பூசிய தோல் ஒவ்வொரு இழுப்பிலும் அரிக்கிறது. இதை மறந்துதான் நல்ல கத்திகளைக் கெடுக்கிறோம்.

ஆகவே, தினமும் தீட்டும் தோலிலேயே பேஸ்டைப் பூசாதீர்கள். ஊறிய பேஸ்டை முழுதாக எடுப்பது மிகவும் கடினம். பேஸ்டுக்கென்று வேறொரு தோல் வேண்டும். தட்டையான பலகையில் ஒட்டிய தோல் இன்னும் நல்லது, தொங்கும் பட்டைபோல் அது தொய்யாது.

எந்தப் பேஸ்ட் என்பதில் கவனம் தேவை. பச்சை நிறக் குரோமியம் ஒக்சைட்டின் துகள் ஏறத்தாழ 0.5 மைக்ரோன். வைரப் பேஸ்டில் 0.5, 0.25 மைக்ரோன் போதும். உழவு இயந்திரத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வால்வு தேய்க்கிற பேஸ்ட் எங்கள் ஊர்களில் சுலபமாகக் கிடைக்கும். அதன் துகள் பல மடங்கு பருமனானது, சவரக்கத்தியின் வாயைக் கிழித்துவிடும். பித்தளை மினுக்கும் பொலிஷும் வேண்டாம். ஒரே தோலில் இரண்டு அளவுப் பேஸ்டைக் கலந்தால் பருமனான துகளே மிஞ்சி வேலை செய்யும்.

பூசும் அளவு கொஞ்சம்தான். நெல்மணி அளவில் நாலைந்து புள்ளி வைத்து, விரலால் மெல்லிய படையாகத் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

அதிகம் கெடுவது கையால்தான். கூர் சீக்கிரம் வரட்டும் என்று அழுத்தினால் மெத்தென்ற தோல் அமிழ்ந்து, கத்தி கடந்ததும் எழும்பி வாயைச் சுற்றிக்கொள்ளும். கூர்மை வராமல் வாய் உருண்டுபோகும். கத்தியின் முதுகைத் தூக்கிச் சாய்த்துத் தீட்டினாலும் இதேதான். முதுகும் வாயும் ஒன்றாகத் தோலில் படிய, கத்தியின் பாரமே போதுமென்று, முதுகு முன்னே போக இழுங்கள். திருப்பும்போது முதுகின் மேல் உருட்டித் திருப்புங்கள். வாயின் மேல் திருப்பினால் தோலும் வெட்டுப்படும், கூரும் போகும்.

ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்துச் சுற்று போதும் (போய் வருவது ஒரு சுற்று). பிறகு கத்தியைத் துடைத்துவிட்டு வெறும் தோலில் முப்பது, நாற்பது சுற்று. துடைக்காமல் போனால் நல்ல தோலிலும் பேஸ்ட் ஏறிவிடும். இதை ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டாம். வெறும் தோலில் தீட்டியும் மயிர் இழுபடத் தொடங்கினால் மட்டும் செய்யுங்கள்.

சோளகக் காற்றுக் காலத்தில் கிரவல் வீதியோர வீடுகளில் தோலைத் திறந்தபடி தொங்கவிடாதீர்கள். அந்தத் தூசியில் உள்ள மணல் சவரக்கத்திக்குப் பூசும் எந்தப் பேஸ்டையும்விடப் பருமனானது. துணியில் சுற்றி வையுங்கள், வெயிலில் காயவிட வேண்டாம்.

இன்னொன்று, பேஸ்ட் பூசினாலும் தோலைக் கிருமிநீக்கம் செய்ய முடியாது. ஒரு கத்தியும் ஒரு தோலும் ஒருவருக்கே. ஹெப்பரைட்டிஸ் பி இரத்தத்தால் பரவும் நோய். சலூன்களில் ஆளுக்கொரு புதுப் பிளேட் போடுவது இதனால்தான் சரி.

கத்தியின் பல் விழுந்த வாயையும் துருப்பிடித்த வாயையும் பேஸ்ட் சரிசெய்யாது. பேஸ்ட் போட்டும் இரண்டொரு சவரத்திலேயே மழுங்குகிற கத்திக்கும் சாணைக்கல்தான் வேண்டும். மேலும் பேஸ்ட் போட்டால் கல்லில் எடுக்க வேண்டிய இரும்புதான் கூடும்.