மண்புழுத் தொட்டியில் வடியும் நீரைச் செடிகளுக்கு எப்படிக் கொடுப்பது?

மண்புழு உரத் தொட்டியின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு நீர் சேரும். பலரும் அதைத்தான் வெர்மிவாஷ் என்று நினைத்து அப்படியே இலைகளில் தெளிக்கிறார்கள். தானாக வடிவது வெறும் கசிவு நீர். பாதி மக்கிய காய்கறிக் கழிவின் ஈரம் கீழே இறங்குவது அது. மக்கிய சாணமும் மண்ணும் புழுக்களும் உள்ள அடுக்கில் நாமே தண்ணீரைச் சொட்டவிட்டுப் பிடிப்பதுதான் வெர்மிவாஷ். இரண்டையும் வேறு வேறாகவே பயன்படுத்த வேண்டும்.

படி 1: முகர்ந்து பாருங்கள்
கசிவு நீரில் மண்வாசனை வந்தால் சரி. புளித்த வாடையோ சாக்கடை நாற்றமோ அடித்தால், தொட்டிக்குள் காற்றில்லாமல் கழிவு அழுகுகிறது என்று அர்த்தம். அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள். சில நாட்கள் கழிவு போடுவதை நிறுத்திவிட்டு, காய்ந்த இலை, கிழித்த அட்டை, தேங்காய் நார் சேர்த்துக் கிளறிவிடுங்கள்.

படி 2: கசிவு நீர் வேருக்கு மட்டும்
ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து செம்பருத்தி, வாழை, முருங்கை போன்றவற்றின் அடியில் ஊற்றலாம். கலக்காமல் ஊற்றினால் உப்பு மிகுந்து இலை ஓரம் கருகலாம். கீரை, கொத்தமல்லி, புதினா பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். பாதி மக்கிய கழிவில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும்.

படி 3: வெர்மிவாஷ் தயாரிப்பு
வெர்மிவாஷை நம் விவசாயிகளிடம் பரவலாகக் கொண்டுபோனவர் மண்ணியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில். விவசாயிகள் பீப்பாயில் செய்வதை நாம் குழாய் பொருத்திய 20 லிட்டர் வாளியில் செய்யலாம். அடியில் நான்கு விரல் உயரத்துக்கு உடைத்த செங்கல், அதன்மேல் அதே அளவு ஆற்று மணல். அப்புறம் தோட்டத்து மண்ணோடு புழுக்கள், மேலே மக்கிய சாணமும் காய்ந்த சருகும். இரண்டு வாரம் ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். இந்த நாட்களில் குழாய் திறந்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் நீர் தேங்கிப் புழுக்கள் மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

பிறகு அடியில் ஓட்டையிட்டுத் துணித்திரி சொருகிய சிறு மண்பானையை வாளிக்கு மேலே தொங்கவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். இரவு முழுக்கச் சொட்டட்டும். அந்த ஓர் இரவு மட்டும் குழாயை மூடிவைத்து, காலையில் திறந்து பிடியுங்கள். வெளிறிய தேநீர் நிறத்தில், நாற்றமில்லாமல் வரும்.

படி 4: தெளிப்பது
வேட்டித் துணியில் வடிகட்டாவிட்டால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். இதற்கும் பத்து மடங்கு தண்ணீர். வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். முதல்முறை ஒரு செடிக்கு மட்டும் கொடுத்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போவது நல்லது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். இதில் சத்து குறைந்த அளவில்தான் இருக்கிறது, தொட்டிச் செடிக்கு மண்புழு உரம் போடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

தண்ணீர் கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். மிஞ்சினால் தென்னை மரத்தடியில் ஊற்றிவிடலாம்.