ஆசிரியருக்கு ஒரு டைரி உறை

டிசம்பரில் பள்ளி ஆண்டு முடியும்போது ஆசிரியருக்கு என்ன கொடுப்பது என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் வீடுகளில் பேச்சு எழும். நான் ஷ்வெஷ்வெ என்னும் இங்குள்ள அச்சுப் பருத்தித் துணியில் டைரி உறை தைத்துக் கொடுக்கிறேன். அரை நாள் வேலைதான்.

துணியை வாங்கியவுடன் கத்தரியை எடுக்காதீர்கள். புது ஷ்வெஷ்வெ கஞ்சி ஏறி அட்டைபோல் விறைப்பாக இருக்கும். நனைத்தால் சுருங்கும், சாயமும் விடும். குளிர்ந்த நீரில் தனியாக அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். முதன்முறை அவசரத்தில் அலசாமல் தைத்துவிட்டேன். ஒரே சலவையில் உறை சுருங்கி, டைரி உள்ளே நுழையவே இல்லை.

அளவை மூடிய டைரியில், முன் அட்டையின் ஓரத்திலிருந்து முதுகைச் சுற்றிப் பின் அட்டையின் ஓரம் வரை எடுங்கள். விரித்து வைத்து எடுத்தால் முதுகுப்பகுதி இழுத்துக்கொண்டு மூடவே மூடாது. ஏ5 டைரியின் உயரம் 21 செ.மீ.; துணி 24 செ.மீ. வேண்டும். அகலத்துக்கு, சுற்றி எடுத்த அந்த அளவோடு இரு பக்க மடிப்புக்கும் தையலுக்கும் 16 செ.மீ. கூட்டுங்கள்.

இரு ஓரங்களையும் 1 செ.மீ. மடித்துத் தையுங்கள். பிறகு துணியின் நல்ல பக்கம் உள்ளே வரும்படி இருபுறமும் 7 செ.மீ. மடித்து, மேலும் கீழும் தைத்துத் திருப்புங்கள். திருப்புமுன் மூலைகளைச் சற்று நறுக்கிவிட்டால் முனை கூர்மையாக நிற்கும். நடுவில் தெரியும் பிசிறை உள்ளே மடித்து ஒரு தையல் ஓட்டுங்கள்.

மீதித் துண்டில் அத்தைக்கு மூக்குக்கண்ணாடிப் பை ஒன்று தைக்கலாம். உள்ளே பழைய ஃபிளானல் வைத்தால் கண்ணாடியில் கீறல் விழாது.