மலைநாட்டின் மேல் எஞ்சின் நின்றால்: ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானத்தைத் தரையிறக்கும் முறை

கொழும்புக்கு அருகேயுள்ள இரத்மலானையில் பறக்கக் கற்றுக்கொள்பவர் நுவரெலியாப் பக்கம் விமானத்தைத் திருப்புவதற்கு முன், உயரமானியை வாசிக்கும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இரத்மலானை ஓடுபாதை கடல்மட்டத்தை ஒட்டியே இருப்பதால், அங்கே உயரமானி 8,000 அடி காட்டினால் காலடியில் உண்மையாகவே ஏறத்தாழ 8,000 அடி இருக்கும். நுவரெலியா நகரமோ 6,100 அடிக்கு மேல் இருக்கிறது. எஞ்சின் நின்ற செஸ்னா 152 நிமிடத்துக்குச் சுமார் 700 அடி இறங்கும் என்று வைத்துக்கொண்டால், இரத்மலானைக்கு மேல் பதினொரு நிமிடம் கிடைக்கும் அதே உயரத்தில் நுவரெலியாவுக்கு மேல் மூன்று நிமிடம்கூடக் கிடைக்காது. நகரை ஒட்டி நிற்கும் பீதுருதாலகாலையின் உச்சி 8,281 அடி. அது அந்த விமானியின் தலைக்கும் மேலே இருக்கிறது.

ஆகவே, எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கும் வழி மனத்தில் இருக்க வேண்டும். நான் என் மாணவர்களிடம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "இப்போது நின்றால் எங்கே?" என்று கேட்பேன், விடை உடனே வராவிட்டால் பாதையை மாற்றச் சொல்வேன். மலைநாட்டில் நல்ல விடை பெரும்பாலும் ஒரு வயலாக இராது, கீழ்நோக்கிச் செல்லும் ஒரு பள்ளத்தாக்காகவே இருக்கும். ஹட்டன், நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கமாகப் பறக்கும்போது களனி கங்கையின் கிளையாறுகளைப் பின்பற்றி மேற்கே கித்துல்கலைப் பக்கம் திரும்பினால், விமானம் இறங்க இறங்கத் தரையும் இறங்கிக்கொண்டே போவதால் கூடுதல் நிமிடங்கள் கிடைக்கும். ஆனால் லக்ஷபான மின்நிலையங்களிலிருந்து செல்லும் உயர் அழுத்தக் கம்பிகள் அதே பள்ளத்தாக்குகளைக் குறுக்கே தாண்டுகின்றன. கம்பி கண்ணுக்குத் தெரியாது, கோபுரங்கள்தாம் தெரியும். ஒரு முகட்டில் கோபுரத்தைக் கண்டால் எதிர் முகட்டில் அதன் இணையைத் தேடி, இரண்டுக்கும் இடையே கம்பி இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

காற்றையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மோதி மேலெழுந்து, முகட்டைத் தாண்டியதும் கிழக்கே ஊவாப் பக்கத்தில் கீழ்நோக்கிப் பாயும். நிமிடத்துக்கு 500 அடி இறங்கும் காற்றுக்குள் அகப்பட்டால், சறுக்கிச் செல்லும் தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அங்கே முகட்டின் மறைவில் ஒட்டிப் பறக்கக் கூடாது.

எஞ்சின் நின்ற கணத்தில் முதல் வேலை வேகம். மூக்கைத் தாழ்த்திச் சறுக்கல் வேகத்தைப் பிடித்து, கை வலிக்காமல் அது நிற்கும்படி ட்ரிம் செய்ய வேண்டும். செஸ்னா 152 க்கு அது 60 நொட் (மணிக்கு இத்தனை கடல்மைல்). செஸ்னா 172 இன் பழைய மாதிரிகளில் 65, 172எஸ் இல் 68. உங்கள் விமானத்தின் கைநூலில் உள்ள எண்ணே இறுதியானது. மலை எதிரே உயர்ந்து வரும்போது கை தானாகவே மூக்கைத் தூக்கப் பார்க்கும். அதற்கு இடம் கொடுத்தால் இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் சுழன்று விழக்கூடும். வேகம் நின்றதும், தெரிந்து வைத்த வழியை நோக்கி அளவான சாய்வில் திரும்புங்கள்.

அடுத்து, கார்ப்யூரேட்டர் (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் பகுதி) உள்ள விமானமானால், அதற்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப்யூரேட்டர் சூட்டுப் பிடியை முழுமையாக இழுக்க வேண்டும். இதை நான் தனியாக வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. முப்பது பாகை வெயிலில் புறப்பட்டு வரும் மாணவருக்குப் பனிக்கட்டி என்ற நினைவே வராது. ஆனால் பதினைந்து பாகைக் குளிரும் மூடுபனியின் ஈரமும் சேர்ந்த மலைநாட்டுக் காற்றுதான் கார்ப்யூரேட்டருக்குள் பனிக்கட்டி கட்டுவதற்கு மிகவும் தோதானது. எஞ்சின் ஆறுவதற்குள், அதன் சூடு இருக்கும்போதே இழுத்தால்தான் பயன் உண்டு. கட்டி உருகும் நீர் உள்ளே போகும்போது எஞ்சின் முன்னிலும் மோசமாகக் குமுறும். பலர் அதைக் கேட்டுப் பயந்து சூட்டை அணைத்துவிடுகிறார்கள். அணைக்காமல் பொறுத்திருங்கள்.

எரிபொருளும் காற்றும் சேரும் அளவை மாற்றும் மிக்ஸ்சர் பிடியை முழுமையாக உள்ளே தள்ளுங்கள். உயரத்துக்காகக் குறைத்து வைத்துவிட்டு இறங்கும்போது மறந்திருக்கலாம். 172 இல் எரிபொருள் தெரிவுப் பிடி இரு தாங்கிக்கும் பொதுவாகவும், 152 இல் அடைப்பு திறந்தும் இருக்க வேண்டும். பிரைமர் (எஞ்சினைக் கிளப்ப எரிபொருள் செலுத்தும் கைப்பம்பு) பூட்டியிருக்கிறதா, தீப்பொறி தரும் மேக்னெட்டோக்களின் சாவி இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறதா என்று பாருங்கள். விசிறி காற்றில் சுழன்றுகொண்டிருந்தால் ஸ்டார்ட்டர் தேவையில்லை. இவற்றை ஒருமுறை ஒழுங்காகச் செய்த பிறகும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், மீண்டும் மீண்டும் முயன்று உயரத்தை வீணாக்க வேண்டாம். மேடே என்னும் ஆபத்து அழைப்பைப் பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே, பதில் இல்லையென்றால் அவசர அலைவரிசையான 121.5 இல், கொடுத்துவிட்டு, ராடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பொண்டரில் அவசரக் குறியான 7700 போடுங்கள். முகட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் மலை வானொலியை மறைத்துவிடும் என்பதால், உயரம் இருக்கும்போதே பேசுவது நல்லது.

இடத்தைத் தெரிவு செய்வதில் மேலிருந்து பார்க்கும் கண் எளிதில் ஏமாறும். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலை மேலிருந்து பார்த்தால் உழுது போட்ட வெறும் மண்ணைப் போலத் தெரியும்; சிறு வயதில் மிலாறு (வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி) பொறுக்கப் போய்க் கால் கிழித்துக்கொண்டவர்களுக்குத்தான் அங்கே முழங்கால் உயரத்துக்கு நிற்கும் கட்டைகளின் கூர்மை தெரியும். மானாப்புல் மேடுகள் மெத்தைபோலத் தோன்றினாலும் புல்லுக்குள் பாறை ஒளிந்திருக்கும். மரக்கறித் தோட்டங்கள் படிக்கட்டு வரப்புகளாக இருக்கின்றன. வீதிகளில் வளைவும் கம்பியும் பஸ்ஸும் இருக்கும். அம்பேவெலப் பக்கத்துப் புல்வெளிகள் இவை எல்லாவற்றையும்விட நல்லவை, வேலிகளைக் கவனித்தால். தேயிலையைத் தவிர வேறு வழியில்லை என்றால், நிழல் மரங்கள் குறைந்த சீரான சரிவைப் பார்த்து, செடியின் மேல்மட்டத்தையே தரையாகக் கருதி, மிகக் குறைந்த வேகத்தில் இறக்க வேண்டும். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் இறங்குவதானால் கரைக்கு இணையாக, நீந்தி எட்டும் தூரத்தில் இறங்குங்கள். அசையாத நீரின் மேல் உயரத்தை மட்டுக்கட்ட முடியாது, கரைதான் அளவுகோல். நீர் வற்றிய மாதங்களில் மவுசாக்கலையில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் சுவர்கள்கூட வெளியே தெரியும் என்பதை நினைவில் வையுங்கள்.

சரிவில் இறங்கும்போது, காற்று மிகப் பலமாக இருந்தாலொழிய, மேட்டை நோக்கியே இறங்க வேண்டும். ஏறுசரிவு எதிரே இருந்தால், நாம் உயரமாக வருகிறோம் என்று கண் பொய் சொல்லும். அதை நம்பினால் சரிவின் அடியிலேயே மோதுவோம். இறங்கும் பாதையிலிருந்து ஏறும் நிலத்துக்கு மூக்கை நிறையத் தூக்க வேண்டியிருப்பதால், வழக்கத்தைவிடச் சில நொட் கூடுதலாக வைத்திருங்கள். 6,000 அடியில் வேகமானி அதே எண்ணைக் காட்டினாலும் உண்மையான வேகம் எட்டில் ஒரு பங்கு கூடியிருக்கும். தரை விரைந்து ஓடுவதைப் பார்த்து வேகத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

இடத்தை எட்டிவிடுவோம் என்பது உறுதியான பிறகே பிளாப்பை (மெதுவாக இறங்க உதவும் இறக்கை மடலை) முழுமையாக இறக்குங்கள். அதன்பின் மிக்ஸ்சரை வெளியே இழுத்து, எரிபொருளையும் மேக்னெட்டோவையும் அடைத்து, பிளாப் இறங்கி முடிந்ததும் விமானத்தின் மின்சாரம் முழுவதையும் நிறுத்தும் மாஸ்டர் சுவிட்சை அணையுங்கள். வார்ப்பட்டிகளை இறுக்கி, கதவுகளின் தாழை விடுவித்து வையுங்கள். சட்டகம் நெளிந்தபின் மூடிய கதவு திறக்காது. வால் சற்றே தாழ்ந்த நிலையில் தரையைத் தொடுங்கள். மரங்களுக்கு நடுவே போக நேர்ந்தால் இறக்கைகள் அடி வாங்கட்டும், ஆட்கள் இருக்கும் இடம் நேராகப் போக வேண்டும்.

நின்றதும் எல்லோரையும் மேட்டுப்பக்கமாக வெளியேற்றுங்கள். கசியும் எரிபொருள் பள்ளத்துக்குத்தான் ஓடும். அவசர ஒலிபரப்பியைக் கையால் இயக்கிவிட்டு, தீ இல்லை என்று தெரிந்தபின் விமானத்துக்கு அருகிலேயே இருங்கள். கொழுந்து எடுப்பவர்கள் முதலில் ஓடி வருவார்கள். பீடியோ தீக்குச்சியோ அருகில் வேண்டாம் என்று அவர்களிடம் உடனே சொல்லுங்கள், காயப்பட்டவரைத் தோட்ட வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் குறுக்குவழி அவர்களுக்குத்தான் தெரியும்.