மடிக்கணினிக்கு ராம் வாங்கக் கிளம்பும் முன்

கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துக்காரர்கள் கணினிச் சாமான் வாங்க வேண்டுமென்றால் பாலக்காட்டைவிடக் கோயம்புத்தூருக்கு, அதிலும் காந்திபுரத்துக் கடைகளுக்கு பஸ் ஏறுவதே வழக்கம். எல்லை தாண்டி வாங்கி வந்த ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) பொருந்தாமல் போனால் அதை மாற்றுவதற்கு இன்னொரு நாள் வேலை கெடும் என்பதால், மாடல் பெயரை மட்டும் நம்பிக் கிளம்பாமல், சில விவரங்களை வீட்டிலேயே பார்த்து எழுதிக்கொள்வது நல்லது.

ராமைக் கூட்ட இடம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ராம் மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையோடு சேர்த்தே சால்டர் செய்து ஒட்டப்பட்டிருக்கும். விவரக்குறிப்பில் எல்பிடிடிஆர் (LPDDR) என்றிருந்தால் பெரும்பாலும் அந்த வகைதான். ஆப்பிளின் எம் வரிசைச் சிப் கொண்ட மேக்புக்கில் பிறகு ராம் கூட்ட வழியே இல்லை. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியை அழுத்தினால், வேகமும் ஸ்லாட் (ராம் செருகும் இடம்) கணக்கும் ஃபார்ம் ஃபேக்டரும் (ராமின் வடிவம்) தெரியும். அங்கே சோடிம் (SODIMM, மடிக்கணினிக்கான சிறிய ராம் பலகை) என்றிருந்தால் கழற்றி மாட்டலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் அது சால்டர் செய்தது. சால்டர் செய்த ராமையும் ஒரு ஸ்லாட்டாகக் காட்டும் கணினிகள் உண்டு என்பதால், பின்மூடியைத் திறந்து கண்ணால் பார்ப்பதே உறுதி. கேரளப் பள்ளிகளின் கைட் லினக்ஸ் இயங்குதளத்தையே வீட்டிலும் வைத்திருக்கும் பிள்ளைகள், டெர்மினலில் டிஎம்ஐடிகோட் (sudo dmidecode) கட்டளையைக் கொடுத்து இதே விவரங்களைப் பெறலாம்.

அடுத்தது ராமின் தலைமுறை (டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று வரும்), இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மடிக்கணினி ராமில் டிடிஆர்3-க்கு 204 பின் (இணைப்புக் கால்கள்), டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. நடுவிலுள்ள வெட்டின் இடமும் மாறுவதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. அழுத்தினால் உடையத்தான் செய்யும். வாங்கிய ஆண்டை வைத்து ஊகிக்கவும் கூடாது, ஏனெனில் இன்டெல் புராசசர்களின் 6-ஆம் தலைமுறையில் டிடிஆர்3எல்லும் டிடிஆர்4-உம், 12-ஆம் தலைமுறையில் டிடிஆர்4-உம் டிடிஆர்5-உம் புழங்கின. பழைய கணினிக்காரர்கள் 'எல்' என்ற எழுத்தையும் கவனிக்க வேண்டும்: டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்; இரண்டும் ஒரே ஸ்லாட்டில் பொருந்தும், ஆனால் 1.35 வோல்ட் மட்டுமே ஏற்கும் கணினியில் 1.5 வோல்ட் ராம் வேலை செய்யாது.

சந்தேகமே வராமலிருக்க, உள்ளே இருக்கும் ராமின் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். '8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ-எஸ்ஏ2' என்றிருந்தால், பிசி4 என்பது டிடிஆர்4, 3200 வேகம், எஸ் என்பது சோடிம். சில கம்பெனிகள் இதையே பிசி4-25600 என்று அச்சிடுகின்றன; 3200-ஐ 8-ஆல் பெருக்கிய கணக்கு அது, வேறு சரக்கு அல்ல.

வேகம் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை. 2400-உம் 3200-உம் சேர்ந்தால் இரண்டும் 2400-இல் ஓடும், அதற்கு மேல் செலவழிப்பது வீண். அளவு அப்படியல்ல. புராசசரின் உச்ச வரம்பும் மடிக்கணினிக் கம்பெனியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள வரம்பும் வேறுபட்டால், குறைந்ததையே கொள்ள வேண்டும். 'போட்டுப் பார்க்கலாம்' என்று கடைக்காரர் சொன்னால், மாற்றித் தருவதையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவு இருப்பது நலம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் 16 ஜிபி ராம் ஒன்றைவிட 8 ஜிபி ராம் இரண்டு கண்கூடாக வேகம் தரும். பிராண்ட் வேறாக இருப்பது பெரிய குற்றமல்ல.

மாட்டும்போது சார்ஜரைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தையில் வீசும் வறண்ட காற்றில் நிலைமின்சாரம் எளிதில் சேரும். ராமைத் தொடுமுன் ஏதாவது உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். சாய்வாகச் செருகி, பக்கக் கொக்கிகள் 'டிக்'கென்று பிடிக்கும்வரை கீழே அழுத்த வேண்டும். டிடிஆர்5 என்றால் முதல் முறை சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே நிற்கலாம், பதறி அணைக்காதீர்கள். அதன் பிறகும் படம் வராவிட்டால் ஒவ்வொரு ராமையும் தனித்தனியே ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பார்த்து, எது கோளாறு என்று அறிந்த பிறகே பில்லோடு கடைக்குத் திரும்பலாம்.