நாயின் காதில் தொற்று: இணையவழிக் கால்நடை மருத்துவ ஆலோசனையைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

நாயின் காதுக்குழாய் நம்முடையதைப் போல ஏறத்தாழ நேராக உள்ளே செல்வதில்லை. முதலில் கீழ்நோக்கி இறங்கி, பிறகு பக்கவாட்டில் மடங்கிச் செவிப்பறையை அடைகிறது. ஈரமும் மெழுகும் அந்த மடிப்பில்தான் தேங்குகின்றன. பாக்டீரியாவும் ஈஸ்ட் பூஞ்சையும் பெருகுவதும் அங்கேதான். காது மடலைத் தூக்கிப் பார்த்தால் நமக்குத் தெரிவது குழாயின் வாய்ப்பகுதி மட்டுமே. கைப்பேசிக் கேமராவுக்கும் அதற்கு மேல் தெரியாது. எனவே இணையவழி ஆலோசனையால், தொற்று இருக்கக்கூடுமா, எவ்வளவு அவசரம், வீட்டில் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பவற்றை நன்றாகவே அறிந்துகொள்ளலாம். செவிப்பறை முழுமையாக இருக்கிறதா, உள்ளே பெருகியிருப்பது எந்தக் கிருமி என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் அது விடை தராது. இந்த எல்லையை ஏற்றுக்கொண்டு தொடங்குபவருக்கு இணையவழி ஆலோசனை மிகவும் பயன்படும்.

நலமான காதின் உட்புறம் வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும்; சிறிதளவு மெழுகு இருக்கலாம், துர்நாற்றம் இருக்காது. நாய் நலமாக இருக்கும் நாளிலேயே இரு காதுகளையும் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் பிறகு சிவந்திருக்கிறதா இல்லையா என்ற ஐயம் எழும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதைவிடச் சிறந்த சான்று இல்லை. தொற்று தொடங்கும்போது நாய் அடிக்கடி தலையை உதறும். பின்னங்காலால் காதைச் சொறியும். தலையைத் தரையிலோ சுவரிலோ தேய்க்கும். காதைத் தொட்டால் முனகும் அல்லது விலகும். பழுப்பு நிறப் பிசுபிசுப்பான மெழுகும் புளித்த வாடையும் பெரும்பாலும் ஈஸ்டைச் சுட்டும். மஞ்சளோ பச்சையோ கலந்த சீழும் கடுமையான நாற்றமும் பாக்டீரியாவைச் சுட்டும். காபித்தூள் போல உதிரும் கறுத்த அழுக்கு, குறிப்பாகக் குட்டிகளில், காதுச் சிற்றுண்ணிகளால் வருவதாக இருக்கலாம். ஆயினும் நிறத்தையும் வாடையையும் மட்டும் வைத்து மருந்தை முடிவு செய்யக்கூடாது. ஒரே காதில் ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்திருப்பது அரிதன்று.

ஒரு காதா, இரு காதுகளுமா என்பதையும் கவனியுங்கள். ஒரே காதில் திடீரென்று தொடங்கினால் புல்லின் கூரிய விதை போன்ற அந்நியப் பொருள் உள்ளே போயிருக்கலாம். வயதான நாயாக இருந்தால் குழாயில் கட்டி வளர்ந்திருக்கவும் கூடும். இரு காதுகளும் மீண்டும் மீண்டும் பாதிக்கப்பட்டு, நாய் பாதங்களையும் நக்கிக்கொண்டு, வயிற்றுப்புறமும் சிவந்து காணப்பட்டால், அடிப்படையில் ஒவ்வாமை இருக்கக்கூடும். வளர்ப்பவர்கள் அதிகம் தவறவிடும் குறிப்பு இதுதான் என்பது என் கணிப்பு. காதைப் பற்றிய ஆலோசனையில் பாதத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று யாருக்கும் எளிதில் தோன்றுவதில்லை.

சில அறிகுறிகள் தென்பட்டால் இணையவழியில் நேரம் ஒதுக்கக் காத்திருக்காமல் நேரடியாக மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருப்பது, நடை தள்ளாடுவது, கருவிழிகள் தாமாக இங்குமங்கும் துடிப்பது, முகத்தின் ஒரு பக்கம் தொய்வது ஆகியவை தொற்று நடுச்செவிக்கோ உட்செவிக்கோ பரவியிருப்பதைக் காட்டக்கூடும். வாயைத் திறக்கவே வலிப்பது, காதிலிருந்து இரத்தம் வருவது, காய்ச்சலோடு உணவைத் தவிர்ப்பது ஆகியவையும் காத்திருக்கக்கூடியவை அல்ல. இடைவிடாமல் தலையை உதறுவதால் மடலுக்குள் இரத்தநாளம் உடைந்து மடல் மெத்தென்று உப்பிவிடுவதும் உண்டு. அதை வீட்டில் ஊசியால் குத்தி வடிக்க முயலாதீர்கள்.

ஆலோசனைக்கு முன் செய்ய வேண்டிய ஆயத்தத்தில்தான் பாதி வெற்றி இருக்கிறது. முதலாவதாக, காதைச் சுத்தம் செய்யாதீர்கள். மருத்துவரிடம் அழுக்கோடு காட்டுவதா என்ற கூச்சத்தில் பலர் துடைத்துவிடுகிறார்கள். அந்த அழுக்குதான் மருத்துவர் பார்க்க வேண்டிய சான்று, பின்னர் நுண்ணோக்கியின்கீழ் வைக்க வேண்டிய மாதிரியும் அதுவே. ஒருவர் நாயை அணைத்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மடலை மென்மையாகப் பின்னோக்கி மடித்து, பகல் வெளிச்சத்தில் படமெடுக்க வேண்டும். ஃபிளாஷ் போட்டால் ஈரமான தோல் பளபளத்து நிறம் மாறித் தெரியும். நலமான காதையும் அதே வெளிச்சத்தில் எடுங்கள். வெள்ளை நிறத் திசுத்தாளால் காதின் வாய்ப்பகுதியை மட்டும் லேசாக ஒற்றியெடுத்து, அதில் படிந்ததைத் தனியே படமெடுங்கள். தோலின் மீது தெரியாத நிறம் வெள்ளைத் தாளில் தெளிவாகத் தெரியும். கறுத்த அழுக்காக இருந்தால் அதைக் கருநிறத் தாளில் சிறிது தட்டிப் பாருங்கள். வெண்புள்ளிகள் நகர்ந்தால் அவை சிற்றுண்ணிகளாக இருக்கலாம். நாய் தலையை உதறுவதையும் நேர்க்கோட்டில் நடந்து வருவதையும் சிறு காணொளிகளாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். நாய் வலியில் உறுமினாலோ கடிக்க முனைந்தாலோ படத்தை விட்டுவிடுங்கள். அந்த உறுமலே மருத்துவருக்குப் போதுமான தகவல்.

நாயின் வயது, இனம், அண்மைய எடை, தொந்தரவு தொடங்கிய நாள், அதற்குமுன் நீந்தியதா அல்லது குளித்ததா, என்ன உணவு, முன்பு காதுக்கு இட்ட மருந்துகளின் பெயர்கள், வீட்டிலுள்ள மற்ற நாய் பூனைகளின் நிலை ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனத்தைச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அன்று. காக்கர் ஸ்பேனியல், பாசெட் ஹவுண்ட் போன்ற தொங்குகாது நாய்களுக்குக் காற்றோட்டம் குறைவு. பூடில் நாய்களுக்குக் குழாய்க்குள்ளேயே மயிர் வளரும். கோலி (Collie) எனப்படும் மேய்ப்பு இன நாய்கள் பலவற்றுக்கு, சிற்றுண்ணிகளைக் கொல்லப் பயன்படும் ஐவர்மெக்டின் மருந்து அதிக அளவில் கொடுக்கப்பட்டால் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் மரபணுக் குறை இருக்கிறது.

நாயை நேரில் பார்த்திராத மருத்துவர் மருந்துச்சீட்டு எழுத அனுமதி உண்டா என்பது அந்தந்த நாட்டின் விதிகளைப் பொறுத்தது. பல இடங்களில் அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும், வலியுள்ள காதுக்குப் படத்தைப் பார்த்தவுடன் சொட்டு மருந்து எழுதித் தருபவரைவிட, காதுநோக்கியால் பார்க்கவும் மெழுகை நுண்ணோக்கியில் பரிசோதிக்கவும் நேரில் செல்லச் சொல்பவரையே நான் நம்புவேன். செவிப்பறை கிழிந்திருக்கும்போது சில சொட்டு மருந்துகளும் சுத்திகரிப்புத் திரவங்களும் நடுச்செவிக்குள் புகுந்து செவித்திறனையும் சமநிலையையும் கெடுக்கக்கூடும். பழைய சொட்டு மருந்தை எடுத்து மறுபடி ஊற்றுவதும், மனிதருக்கான காது மருந்தை ஊற்றுவதும் இதனால்தான் ஆபத்தானவை. ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆல்கஹால், வினிகர், எண்ணெய் என எதையும் சொந்த முடிவில் விடாதீர்கள். புண்ணான தோலை அவை மேலும் எரிக்கும், அல்லது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும்.

மருத்துவர் எழுதித் தரும் மருந்தில் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியா எதிர்ப்பு மருந்து, வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் கலந்திருக்கும். சுத்தம் செய்யவும் அவர் சொல்லியிருந்தால், திரவத்தை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, மடலை மேல்நோக்கிப் பிடித்து, குழாய் நிரம்பும்வரை ஊற்றுங்கள். காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து விரல்களால் 20 முதல் 30 விநாடிகள் மென்மையாகப் பிசையுங்கள். உள்ளே திரவம் சளசளக்கும் ஓசை கேட்டால் அது மடிப்பு வரை சென்றுவிட்டது என்று கொள்ளலாம். பிறகு கையை எடுத்துவிட்டால் நாய் தானாகவே உதறி அழுக்கை மேலே கொண்டுவரும். சற்று விலகி நிற்பது உங்கள் உடைக்கு நல்லது. வெளியே வந்ததைப் பஞ்சாலோ காஸ் துணியாலோ, விரல் செல்லும் ஆழம் வரை மட்டும், துடையுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சி அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும். காது காய்ந்த பிறகு, சொல்லப்பட்ட அளவில் மருந்தை விட்டு மீண்டும் பிசைந்துவிடுங்கள். மருத்துவமனையிலேயே இடப்படும் நீண்டநாள் மருந்தாக இருந்தால், மருத்துவர் சொல்லும்வரை காதைச் சுத்தம் செய்யக்கூடாது. சிற்றுண்ணி என்று உறுதியானால் வீட்டிலுள்ள மற்ற நாய் பூனைகளுக்கும் சேர்த்துச் சிகிச்சை தேவைப்படும்.

சில நாட்களில் சொறிவது நின்றுவிடும்; பலர் மருந்தை நிறுத்துவதும் அப்போதுதான். வீக்கம் ஸ்டீராய்டால் அடங்கியிருக்கும், கிருமிகள் மடிப்புக்குள் மீதமிருக்கும். எனவே குறித்த நாள் வரை மருந்தைத் தொடர்ந்து இடுங்கள். இடையில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை அதே வெளிச்சத்தில் எடுத்த படங்களை இணையவழியில் மருத்துவருக்கு அனுப்பி முன்னேற்றத்தைக் காட்டலாம். மருந்து விட்டபின் காது மேலும் சிவந்தாலோ, கேட்கும் திறன் குறைந்ததுபோல் தோன்றினாலோ, நடை தள்ளாடினாலோ மருந்தை நிறுத்தி உடனே தெரிவியுங்கள். சிகிச்சை முடியும்போது நேரில் ஒருமுறை மெழுகைப் பரிசோதித்துக் கிருமி நீங்கியதை உறுதிசெய்துகொள்வது அவசியம்.

தொற்று ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தால் சொட்டு மருந்தை மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. நாட்பட நாட்படக் குழாய்ச் சுவர் தடித்து, சுண்ணம் படிந்து, இறுதியில் குழாயையே அறுவைச் சிகிச்சையால் அகற்ற நேரிடும் நாய்களும் உண்டு. அதற்குமுன் ஒவ்வாமையைத் தேட வேண்டும். நாய் இதுவரை உண்டிராத புரதத்தையோ நுண்கூறுகளாக உடைக்கப்பட்ட புரதத்தையோ கொண்ட உணவை மட்டும் குறைந்தது 8 வாரங்கள் கொடுத்துப் பார்க்கும் சோதனை உணவு முறையைத் தொடங்கினால், அந்த வாரங்களில் நாய் வேறு எதையும், ஒரு சிறு பிஸ்கட்டைக்கூட, உண்ணாதபடி வீட்டிலுள்ள அனைவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டத்துக்கு இணையவழி ஆலோசனை மிகவும் பொருத்தமானது. சொறிவின் அளவையும் உணவுப் பட்டியலையும் காதுப் படங்களையும் வாரந்தோறும் மருத்துவரிடம் காட்டி, பழைய உணவுக்கு எப்போது திரும்பிச் சோதிப்பது என்பதை அவரோடு பேசி முடிவு செய்துகொள்ளலாம்.